மேலே இருப்பவருக்குச் சளி பிடிக்கக் கூடாது

காலை ஒன்பது மணிக்கு, துப்பறியும் ஃபெலிம் மெகாரன் மூன்று வாரக் குழந்தை ஒன்றின் கல்லறை மேல் குப்புறப் படுத்திருந்தார். மழை பெய்துகொண்டிருந்தது. கில்பானில் மழை பெய்வது செய்தி இல்லை, நின்றால்தான் செய்தி. கடைசியாக அது நின்றபோது மெகாரன் தலையில் முடி இருந்தது.

"தூங்கிட்டீங்களா மகாராஜா?" என்றான் லாலி.

"கல்வெட்டு படிக்கிறேன்யா."

"மூக்காலயா?"

மெகாரனின் கண்ணாடி நேற்று உடைந்துவிட்டது. அதன் மேல் உட்கார்ந்தது யார் என்று துப்பறிய அவருக்கு அரை நாள் பிடித்தது. அவரேதான்.

லாலி அவரை மகாராஜா என்று கூப்பிடுவதற்குக் காரணம் உண்டு. எழுநூறு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பள்ளத்தாக்கை மெகாரன் வம்சம் ஆண்டதாக அவர் வீட்டில் ஒரு நம்பிக்கை. கடல் தாண்டி வந்த ரோஸிட்டர்கள்தான் அதைப் பிடுங்கிக்கொண்டு கில்பான் பிரபுக்கள் ஆனார்களாம். மழுப்புவானேன், அயர்லாந்தில் ராஜ வம்சத்தில் பிறக்காத ஆளைப் பார்ப்பதே அரிது. அத்தனை ராஜாக்களுக்கும் குடிமக்களாக இருந்தது யார் என்பது மட்டும் இதுவரை துப்புத் துலங்காத மர்மம். மெகாரன் சாம்ராஜ்யத்தில் இன்று மிச்சம் இருப்பது அவர் தாத்தா விட்டுப்போன முரட்டுக் கம்பளிக் கோட்டு ஒன்றுதான். அதிலும் ஒரு பொத்தான் இல்லை.

போலீசில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவர் மெகாரன். மொத்தம் மூன்று பேரைப் பிடித்தார். ஒருவன் தானாக வந்து சரணடைந்தான். இன்னொருவன் குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். மூன்றாமவன் அவருடைய மைத்துனன்; விருந்துக்கு வந்த இடத்தில் சிக்கினான். இந்தச் சாதனைகளோடு ஓய்வு பெற்றவர், தனியாகத் துப்பறிய ஆரம்பித்தார். டெர்மட் லாலி அவருக்கு வண்டிக்காரன், உதவியாளன், வாயாடி. அதற்கு முன்பு கில்பான் மாளிகையில் ஏழு வருஷம் பரிமாறுகிறவனாக இருந்தான். பிரபு சாப்பிடும்போது சிரித்துவிட்டான் என்று துரத்திவிட்டார்கள். வெளியே வரும்போது ஒரு வெள்ளிக் குழம்புக் கரண்டியைத் தனக்குத் தானே வெகுமதியாக வழங்கிக்கொண்டான்.

அந்தக் கரண்டியால்தான் இப்போது கல்லறைக் கல்லின் அடியைத் தோண்டிக்கொண்டிருந்தான்.

வழக்கு இதுதான். நோரா கியூசாக் என்கிற விதவைக்கு முப்பத்துநாலு ஏக்கர் நிலமும், அதில் ஒரு கூரை வீடும் இருந்தன. அது பிரபுவின் நிலம். அறுபத்தொன்பது வருஷத்துக்கு முன்பு, 1810-ல், அவளுடைய தாத்தா மோரிஸ் கியூசாக் அன்றைய பிரபுவிடம் வாங்கிய குத்தகை. எத்தனை வருஷம் என்று கணக்கில்லை, மூன்று ஆயுள். பத்திரத்தில் மூன்று பேருடைய பெயரை எழுதுவார்கள். அந்த மூவரில் ஒருவர் மூச்சு விடுகிற வரைக்கும் நிலம் குத்தகைக்காரர் வீட்டுக்கு. மூன்றாவது மூச்சும் நின்றதா, மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

முதல் ஆயுள் மோரிஸ் கியூசாக். எப்போதோ போய்ச் சேர்ந்தார். இரண்டாவது, அவர் மகள் ஆலிஸ். நோராவின் அத்தை. மூன்று வாரத்துக்கு முன்னால், எண்பத்தோரு வயதில் கண்ணை மூடினாள். மூன்றாவது, 'பிரபுவின் மகன் பெரெக்ரின் ரோஸிட்டர்'.

பெரெக்ரின் இந்தக் கல்லுக்கு அடியில் இருக்கிறான் என்றார் பிரபுவின் காரியஸ்தர் பிளெட்சோ. இன்று பகல் பன்னிரண்டு மணிக்கு நோரா வெளியேறாவிட்டால் கூரையை இடித்து வெளியேற்றுவோம் என்றும் சொன்னார்.

உயிருள்ள பெரெக்ரின் வேறு யாராவது இருக்கிறானா என்று மெகாரன் மூன்று நாள் மாகாணம் முழுவதும் அலைந்தார். ஒருவனைக் கண்டும் பிடித்தார். அது ஒரு வேட்டை நாய். அதுவும் போன வருஷமே செத்திருந்தது.

"மகாராஜா, வருஷம் தெரியுது," என்றான் லாலி. "ஒண்ணு... எட்டு... சைபர்... எட்டு."

"ஆயிரத்து எண்ணூத்து எட்டா?"

"ரெண்டாவது எட்டு புழுவா இருந்தா நான் பொறுப்பில்லை."

மெகாரன் எழுந்து உட்கார்ந்தார். கோட்டுக்குள்ளிருந்து பத்திரத்தை எடுத்து மூக்கில் ஒட்டிப் படித்தார். 1810, ஜூன் பன்னிரண்டு.

"லாலி, உனக்கு ஒரு நிலத்தை மூணு பேரு உசுரோட இருக்கிற வரைக்கும் தரேன்னா, யாரு பேரையெல்லாம் எழுதுவே?"

"நல்லா திங்கிறவன், நல்லா தூங்கிறவன், கல்யாணம் ஆகாதவன்."

"செத்து ரெண்டு வருஷமான குழந்தை பேரை எழுதுவியா?"

லாலி கரண்டியைத் துடைப்பதை நிறுத்தினான். "கிழவர் மோரிஸ் அவ்வளவு பெரிய முட்டாளா?"

"நானும் மூணு நாளா அதைத்தான் நெனச்சேன். இப்பப் பார்த்தா முட்டாள் அவர் இல்லை, கல்லைப் பாதிவரைக்கும் படிச்ச ஆளு."

"யாரு, பிளெட்சோவா?"

"அவரும்தான்," என்று மெகாரன் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

*

நோரா கியூசாக்கின் வீட்டு வாசலில் பத்து ஆட்கள் உட்கார்ந்து அவித்த உருளைக்கிழங்கு தின்றுகொண்டிருந்தார்கள். கூரையை இடிக்க வந்தவர்கள். இடிக்கிற உத்தரம் பக்கத்துச் சுவரில் சாய்ந்திருந்தது.

"இவங்களுக்கு நீங்களா சாப்பாடு போட்டீங்க?" என்றார் மெகாரன்.

"பசியோட இடிச்சா கோணலா இடிப்பாங்க," என்றாள் நோரா. ஐம்பது வயது. பேசுகிற நேரத்திலும் கை சும்மா இல்லை; பானைகளை வைக்கோலில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தது. "அதோ அந்தச் சிவப்புத் தலைக்காரன் என் சித்தப்பா மகன். வேற வேலை கிடைக்கலையாம். அழுதுகிட்டே திங்கிறான். நீங்க என்ன கண்டுபிடிச்சீங்க?"

"ஒரு கல்லும் ஒரு நாயும்மா," என்றான் லாலி.

நோரா ஒரு பானையைக் கீழே வைத்தாள். "நான் பொறந்தது இந்த அறையில. எங்க வீட்டுக்காரரைக் கிடத்தினதும் இதே அறையிலதான். இன்னும் ரெண்டு மணி நேரத்துல இதுக்குக் கூரை இருக்காது. எனக்குப் போக்கிடம் கிடையாது, மிஸ்டர் மெகாரன். நாய்க் கதை வேண்டாம்."

மெகாரனுக்குக் காது சுட்டது. "உங்க அத்தை, கடைசியா ஏதாவது சொன்னாங்களா? குத்தகையைப் பத்தி?"

"குத்தகையா? அவங்க வாயில கடவுளைத் தவிர வேற பேச்சே இல்லை. பாதிரியாரே அசந்துபோயிட்டார். 'மேல இருக்கிறவர் நல்லா இருந்தாப் போதும், நமக்கு ஒண்ணும் ஆகாது'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. சாகிறதுக்கு முந்தின நாள் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'நோரா, மேல இருக்கிறவருக்குச் சளி பிடிக்காமப் பாத்துக்க'ன்னாங்க."

"சளியா?"

"வயசானா புத்தி தடுமாறும்தானே."

"கடவுளுக்குச் சளி," என்றான் லாலி. "இந்த ஊர் மழையில அவருக்கே பிடிச்சாலும் பிடிக்கும்."

மெகாரனின் பார்வை அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த கூடையில் விழுந்தது. கொழுத்த வாத்து ஒன்று அதில் உட்கார்ந்து, உலகமே தனக்குக் குத்தகை என்பதுபோல் பார்த்தது.

"இதை எங்கே கொண்டுபோகப் போறீங்க?"

"அதை எங்கேயும் கொண்டுபோக முடியாது. அது மாளிகை வாத்து. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பிரபு வீட்டுக்கு ஒரு வாத்து அனுப்பணும். தாத்தா காலத்துப் பழக்கம். ஏன்னு கேக்காதீங்க, எங்க அப்பாவுக்கே தெரியாது. பஞ்ச காலத்துலகூட, நாங்க டர்னிப் கிழங்கு தின்னோம், வாத்து மேல போச்சு."

"மேல போச்சு," என்றார் மெகாரன் மெதுவாக.

வாசலுக்கு வந்தார். மழைக்கு நடுவே, குன்றின் உச்சியில், கில்பான் மாளிகையின் புகைபோக்கிகள் மங்கலாகத் தெரிந்தன. வீட்டிலிருந்து பார்த்தால் வானத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் வேறு எதுவும் இல்லை.

மெகாரன் தன் நெற்றியில் ஓங்கி அடித்துக்கொண்டார். கண்ணாடி இருந்திருந்தால் இன்னொரு முறை உடைந்திருக்கும்.

"நோரா அம்மா, சால்வையை எடுத்துக்கிட்டு வண்டியில ஏறுங்க. லாலி, நீ மாளிகையில எதுக்காகச் சிரிச்சே? சரியாச் சொல்லு."

"முட்டைக்கு."

"முட்டைக்கா?"

"அறுபது வயசு மனுஷன், கழுத்துல துண்டு கட்டிக்கிட்டு, குழந்தைக் கரண்டியில அவிச்ச முட்டை சாப்பிட்டா உங்களுக்கு எப்படி இருக்கும்? ஞானஸ்நானத்துக்கு அவங்க அப்பா குடுத்த வெள்ளிக் கரண்டியாம். இத்தனூண்டு. ஒரு முட்டைக்கு நாப்பது வாய்."

"வண்டியை விரட்டு!"

"குதிரைக்கும் வயசு இருபத்தாறு மகாராஜா. வேணா கேட்டுப் பாக்கிறேன்."

*

கில்பான் மாளிகையில் இருபத்தேழு அறைகள். இருபத்தாறில் மழை ஒழுகியது. இருபத்தேழாவதில் ஒழுகவில்லை, ஒழுகுவதற்கு அங்கே கூரை வேண்டுமே. சாப்பாட்டு அறையில் பதினான்கு வாளிகள் விதவிதமான சுருதியில் சொட்டுச் சத்தம் போட்டன. நடுவில், கழுத்தில் துண்டோடு, கில்பான் பிரபு ஒரு குட்டிக் கரண்டியால் முட்டை தின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் காரியஸ்தர் பிளெட்சோ ஒரு காகிதத்தோடு நின்றார்.

"மெகாரனா?" பிரபுவின் முகம் மலர்ந்தது. அவர் தன் குடும்ப வரலாற்றை முப்பது வருஷமாக எழுதிக்கொண்டிருந்தார். கேட்க ஆள் கிடைத்தால் விடமாட்டார். "உங்க குடும்பம் என் ரெண்டாவது பாகத்துல வருதுய்யா! எழுநூறு வருஷக் கதை. ஒன்பது போருக்குப் போனோம். ஒன்பதுலயும் தப்பான பக்கம். எட்டாவது போர்ல கொஞ்சம் புத்திசாலித்தனமா ரெண்டு பக்கத்துக்கும் ஆள் அனுப்பினோம். அண்ணன் தம்பி ஒருத்தரையொருத்தர் சுட்டுக்கிட்டாங்க, ரெண்டு பக்கமும் நிலத்தைப் பிடுங்கிச்சு."

"எங்க வம்சத்தைப் பத்தி என்ன எழுதியிருக்கீங்க?" மெகாரனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "இந்தப் பள்ளத்தாக்கை ஆண்டதா..."

பிரபு புத்தகத்தைப் புரட்டினார். "மெகாரன்... மெகாரன்... இதோ. ஆடு திருடினதுக்குக் கசையடி."

லாலி வாயைப் பொத்திக்கொண்டான்.

"எத்தனை ஆடு?" என்றார் மெகாரன்.

"ஒண்ணு."

"எங்க வீட்ல மூணுன்னு சொல்லுவாங்க," என்று முனகினார் மெகாரன். எழுநூறு வருஷ சாம்ராஜ்யம் ஒற்றை ஆடாகச் சுருங்கி அவர் கண்ணெதிரே மேய்ந்தது.

"பிரபுவே, மணி பதினொண்ணரை," என்றார் பிளெட்சோ. "இந்த உத்தரவுல கையெழுத்துப் போட்டுடுங்க. ஆட்கள் காத்திருக்காங்க. அப்புறம், அந்த சாம்பல் குதிரையை விக்கச் சொல்லிட்டேன். அது மேல நீங்க ஏறவே கூடாது. மூணு பேரைக் கீழே தள்ளிடுச்சு. உங்க உசுரு எங்களுக்கு முக்கியம்."

"எனக்கு ஒரே சந்தோஷம் அந்தக் குதிரைதான்யா..." என்று முனகியபடி பிரபு பேனாவை எடுத்தார். கதவோரம் நின்ற நோராவைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கும் வருத்தம்தான்மா. உங்க வீட்டு வாத்து மாதிரி எங்கேயும் கிடையாது. ஆனா சட்டம்னு சொல்றாரு."

'கில்பான்' என்று ஒரே சொல்லில் கையெழுத்துப் போட்டார்.

"இது செல்லாது," என்றார் மெகாரன்.

"என்ன?" பிளெட்சோ திரும்பினார். "பிரபுக்கள் எல்லாரும் பட்டப் பெயரைத்தான் போடுவாங்க. தெரியாதா?"

"கடிதாசிக்குச் சரி. கூரையை இடிக்கிற உத்தரவுக்கு ஞானஸ்நானப் பெயரும் வேணும்." அப்படி ஒரு சட்டம் உண்டா என்று மெகாரனுக்குத் தெரியாது. போலீசில் இருந்த காலத்திலும் தெரிந்ததில்லை. அது ஒருநாளும் அவரைத் தடுத்ததுமில்லை.

"அதுல என்ன கஷ்டம்," என்று பிரபு பேனாவை நீட்டினார். நீட்டிய பேனா காகிதத்துக்கு மேலே அப்படியே நின்றது.

வாளிகள் சொட்டின.

"பன்னிரண்டு பேரு வெச்சாங்க," என்றார் பிரபு. "ரெஜினால்ட் ஒண்ணு. அகஸ்டஸ் ஒண்ணு. முதல் பேரு... நாக்கு நுனியில இருக்கு."

"கூப்பிடற பேரு என்னங்க?" என்றார் மெகாரன்.

"யாரு கூப்பிட்டா? எனக்கு ஒரு வயசு ஆகும்போது அப்பா போயிட்டாரு. தொட்டில்லயே நான் கில்பான் பிரபு. ஆயாகூட, 'பிரபுவே, மூக்கைச் சிந்துங்க'ன்னுதான் சொல்லுவா."

"கல்யாணம் பண்ணியிருந்தா பாதிரியாராவது கேட்டிருப்பார்," என்றான் லாலி. பிறகு கண்ணை இடுக்கிக்கொண்டு, "உங்க கையில இருக்கிற கரண்டியைத்தான் படிங்களேன்," என்றான்.

"உன் கையில இருக்கிற கரண்டி எங்க வீட்டுது மாதிரி இருக்கே?"

"முதல்ல உங்களுதைப் படிங்க பிரபுவே."

பிரபு மஞ்சள் கருவை நக்கித் துடைத்துவிட்டு, ஒற்றைக் கண்ணாடி ஒன்றைக் கண்ணில் சொருகிக்கொண்டு, கரண்டியின் காம்பை வெளிச்சத்தில் பிடித்தார்.

"'அன்பு மகன் பெரெ... பெரெக்ரினுக்கு. பிப்ரவரி, 1810.'"

பிளெட்சோ நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"கல்லுக்கு அடியில இருக்கிறது உங்க அண்ணன்," என்றார் மெகாரன். "எட்டாம் வருஷம் போனாரு. அடுத்துப் பொறந்த பிள்ளைக்கு அதே பேரை வெச்சாங்க. இந்த நாட்டுல எல்லா வீட்லயும் செய்யறதுதான். அப்ப நாலு மாசக் குழந்தை நீங்க. கிழவர் மோரிஸ் கெட்டிக்காரர். பட்டினியே கிடக்காத பிள்ளை எந்த வீட்ல இருக்குன்னு பாத்து, அந்தப் பேரைப் பத்திரத்துல எழுதினாரு. அது நல்லாத் தின்னணும்னு வருஷா வருஷம் வாத்தும் அனுப்பினாரு."

நோரா கன்னத்தில் கை வைத்தாள். "அத்தை சொன்னது கடவுளை இல்லையா! மேல இருக்கிறவர்..."

"மலை மேல இருக்கிறவர்," என்றார் மெகாரன்.

பிரபு கரண்டியையும் மெகாரனையும் மாறி மாறிப் பார்த்தார். "இருய்யா, இருய்யா. அப்ப நான் செத்தாத்தான் அந்த நிலம் எனக்குத் திரும்பி வருமா?"

"ஆமாங்க."

"செத்தப்புறம் எனக்கு எதுக்கு?"

"அது உங்களுக்கு வாரிசா லண்டன்ல இருக்கிற ஒண்ணுவிட்ட தம்பி மகனுக்கும் பிளெட்சோவுக்கும் தெரிஞ்சிருக்கும். நிலத்தைப் புல்வெளியாக்கி மேய்க்க ரெண்டு பேரும் ஏற்கெனவே மாடு பாத்துட்டதாக் கேள்வி."

பிரபு உத்தரவை நான்காக மடித்து, ஆடுகிற மேஜைக்காலின் அடியில் சொருகினார். மேஜை ஆட்டம் நின்றது.

எல்லோரும் பிளெட்சோவைப் பார்த்தார்கள். அந்த மனிதர் மெகாரன் நினைத்ததைவிடக் கெட்டிக்காரர். முகத்தில் இருந்த பீதியைத் துடைத்துவிட்டு, தேன் ஒழுகச் சிரித்தார்.

"பிரபுவே, மழை கொஞ்சம் விட்டிருக்கு. சாம்பல் குதிரைக்குச் சேணம் போடச் சொல்லட்டுமா?"

"விக்கச் சொன்னதா..."

"மனசு மாறிட்டேன். வடக்கு வேலியைத் தாண்டிப் பாத்தா நல்லா இருக்கும். ஆறடிதான்."

பிரபு கழுத்துத் துண்டோடு வாசலுக்கு ஓடினார். அறுபத்தொன்பது வயதில் ஒரு மனிதர் அவ்வளவு வேகமாக ஓடி மெகாரன் பார்த்ததில்லை. துரத்திப் பிடிக்கும் திறமை தனக்கு ஒருநாளும் இருந்ததில்லை என்பதும் அப்போது நினைவுக்கு வந்தது. அவர் படிக்கட்டுக்கு வந்து சேர்வதற்குள் சாம்பல் குதிரை முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு நின்றது. பிரபு சேண வளையத்தில் ஒரு காலை வைத்து ஏறியிருந்தார். லாலி வெள்ளிக் கரண்டியை வீசினான். அது பிளெட்சோவின் முழங்காலில் பட்டது.

"பெரெக்ரின்!"

மழையைக் கிழித்துக்கொண்டு வந்தது அந்தக் குரல். நோரா கியூசாக் முற்றத்தின் நடுவில் நின்று குதிரையின் கடிவாளத்தைப் பிடித்திருந்தாள். கோபக்கார மாடுகளோடு முப்பது வருஷம் பழகிய பிடி. குதிரை அவளைப் பார்த்தது. காலைக் கீழே வைத்தது.

"இறங்குங்க பெரெக்ரின். இந்த நிமிஷமே. காலுறைகூட இல்லாம, ஈரத்துல! வயசு என்ன ஆச்சு?"

அறுபத்தொன்பது வருஷமாக யாருக்கும் கட்டுப்படாத கில்பான் பிரபு இறங்கினார். அவர் முகம் குழந்தை முகம்போல் ஆகியிருந்தது. "இன்னொரு தடவை கூப்பிடும்மா," என்றார்.

"உள்ளே போங்க, கூப்பிடறேன். தினமும் ரெண்டு வேளை மேல வந்து பாப்பேன். மத்தியானம் கஞ்சி, ராத்திரி கோழிச்சாறு. நூறு வயசுக்குக் கொறஞ்சு உங்களை நான் விடமாட்டேன்."

அப்போது பிரபு தும்மினார்.

முற்றம் உறைந்துபோனது. கீழே, பள்ளத்தாக்கில், பத்து ஆட்களும் ஒரு உத்தரமும் அந்தக் கூரை வீட்டின் பக்கத்தில் இன்னும் காத்திருந்தன. நோரா தன் சால்வையைப் பிரபுவின் தலையில் சுற்றினாள். அது போதவில்லை. மறுபடி தும்மல் வருவதற்கான அறிகுறிகள் மூக்கில் தெரிந்தன.

மெகாரன் ஒரு நொடி யோசித்தார். பிறகு தாத்தாவின் கோட்டைக் கழற்றி ரோஸிட்டரின் தோளில் போர்த்தி, இருக்கிற பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டார்.

கோட்டு பிரபுவுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது.

"எழுநூறு வருஷமா ஒவ்வொண்ணாப் பிடுங்கினாங்க," என்றான் லாலி, சட்டையோடு மழையில் நின்ற மெகாரனைப் பார்த்து. "இது ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு. இதை நீங்களே பொத்தான் போட்டுக் குடுத்துட்டீங்களே மகாராஜா!"

மெகாரன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். தும்மல்தான் வந்தது. அவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.